இரண்டு புள்ளி, நான்கு புள்ளி

என் அக்கா வீட்டுக்காரருக்கு வண்டிக்காரர்கள் வைத்த பெயர் ‘சூடாகட்டும்’. யார் எந்தக் காரைக் கொண்டுவந்து நிறுத்தி என்ன கோளாறு என்று கேட்டாலும் அவருடைய முதல் பதில் அதுதான். இன்ஜின் ஓடி, சூடேறி, ரேடியேட்டரில் கை வைக்க முடியாத நிலைமை வந்த பிறகுதான் வாயைத் திறப்பார். அதற்குள் வண்டிக்காரருக்குச் சூடேறிவிடும். ஒருத்தர் என்னிடம், கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோதும் உங்க ஆள் இதைத்தான் சொன்னாரா என்று கேட்டார். பெண் என் அக்கா என்பது அவருக்குத் தெரியாது. இல்லை, அப்போது மட்டும் அவசரப்பட்டுவிட்டார் என்று சொல்லி வைத்தேன்.

நான் டிங்கர். நசுங்கிய கதவு, துருப்பிடித்த மட்கார்டு, ஓட்டை விழுந்த தரை, இவைதான் என் பிழைப்பு. எங்கள் இருவருக்கும் ஒரே மதில், ஒரே இரும்பு கேட், இரண்டு தகரக் கொட்டகை. இடது பக்கம் அத்தானுடையது. அங்கே ஒவ்வொரு ஸ்பானருக்கும் பலகையில் ஓர் ஆணி உண்டு. ஆணியைச் சுற்றி அந்த ஸ்பானரின் உருவத்தை வெள்ளை பெயின்டில் வரைந்திருப்பார். தரையில் எண்ணெய் சிந்தினால் மரத்தூளைப் போட்டுக் கையோடு கூட்டிவிடுவார். என் கொட்டகையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. காணாமல் போன சுத்தியலைத் தேடும்போது போன வருஷம் காணாமல் போனது கிடைக்கும். அவர் இன்ஜின் சத்தம் கேட்கும்போது நான் தட்டுவதை நிறுத்த வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு. அந்த இடைவெளியில் நான் டீ குடிப்பேன். என் வயிற்றுப் புண்ணுக்குப் பாதிக் காரணம் அத்தான்தான்.

அவர் வாழ்க்கையில் பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடந்ததில்லை. பத்தொன்பது வயதில் பஸ் டிப்போவில் மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவும் வேலை. அங்கேயே படிப்படியாக இன்ஜின் பிரிவுக்கு வந்தார். பதினான்கு வருஷம் கழித்து டிப்போவை விட்டுவிட்டுப் பழைய கார்களை மட்டும் எடுத்துச் செய்வது என்று உட்கார்ந்தார். நாற்பது வயசுக்குக் குறைந்த காரை அவர் தொட்டதில்லை. மேடை ஏறிப் பேசச் சொன்னால் காய்ச்சல் வரும். பொய் சொல்லத் தெரியாது. அது நேர்மை மட்டுமல்ல, திறமையும் இல்லை. அக்காவின் பிறந்த நாளுக்கு ரகசியமாக ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கினோம். வீட்டுக்குப் போன ஐந்து நிமிஷத்தில் அக்கா என்னைக் கூப்பிட்டு, அந்தக் கடிகாரத்தை எங்கேடா வச்சிருக்கீங்க என்றாள். இவர் வாயைக்கூடத் திறக்கவில்லையாம், முகமே சொல்லிவிட்டதாம்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் தனிச் சாதி. மாதக் கடைசி ஞாயிறு காலையில் மைதானத்தில் பதினைந்து இருபது கார்களை வரிசையாக நிறுத்தி, பேனட்டைத் திறந்து வைத்து, அடுத்தவர் இன்ஜினைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். அவர்களில் பெரிய தலை ஒரு ரிட்டயர்டு சர்வேயர். நிலம் அளந்து அளந்து எதையும் துல்லியமாகப் பேசும் மனிதர். நாலு பேர் வந்தார்கள் என்று சொல்ல மாட்டார், மூன்றா ஐந்தா என்று எண்ணிவிட்டுத்தான் சொல்வார். ‘இன்ஜின்னா இவர்கிட்ட குடுங்க’ என்று அவர் ஒரு ஞாயிறு சொன்ன வார்த்தையில்தான் எங்கள் கேட்டுக்குள் கார்கள் வர ஆரம்பித்தன. எங்கள் இரண்டு அடுப்பும் அந்த வார்த்தையில் எரிந்தன என்று சொன்னால் மிகையில்லை.

சர்வேயரிடம் இருந்தது க்ரீம் நிறத்தில் நான்கு கதவு கார். நாற்பத்தாறு வயது. நான்கு வருஷத்துக்கு முன்னால் அதன் இன்ஜினை அத்தான் முழுதாகப் பிரித்துப் புதுசாகச் செய்து கொடுத்தார். அடுத்த வருஷம் சர்வேயரின் மாப்பிள்ளை, வெளியூர் ஆஸ்பத்திரியில் இருந்த தன் அம்மாவை அழைத்து வருவதற்காக அந்தக் காரைக் கேட்டார். சர்வேயர் மனசில்லாமல்தான் கொடுத்தார். போக எட்டு மணி நேரம், வர எட்டு மணி நேரம், நல்ல வெயில் காலம். திரும்பி வந்த மறுநாள், வண்டி நின்ற இடத்தில் இன்ஜின் மட்டும் ஓடும்போது டாஷ் போர்டில் எண்ணெய் விளக்கு மினுக்கியது.

அந்த விளக்கு சின்னதுதான், ஆனால் அது சொல்வது பெரிய விஷயம். இன்ஜினுக்குள் சுழலும் இரும்பெல்லாம் எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. பம்பு அந்த எண்ணெயை அழுத்தி அனுப்ப வேண்டும். அழுத்தம் குறைந்தால் இரும்பு இரும்பைத் தொடும், விளக்கு எரியும். சர்வேயர் எங்கள் கேட்டுக்கு வந்தார், காரை எடுத்து வரவில்லை, நடந்தே வந்தார். அத்தான் வேறொரு காரின் கீழே படுத்திருந்தார். எண்ணெய் இல்லாமல் ஓட்டினால் இப்படி ஆகுமா என்று சர்வேயர் கேட்டார். காருக்குக் கீழே இருந்து அத்தானின் குரல் மட்டும் வந்தது.

“ஆகும் சார். எண்ணெய் பாக்காம ஓட்டியிருக்கலாம்.”

ஊரையே சூடாகட்டும் என்று காக்க வைத்தவர், வாழ்க்கையில் அந்த ஒரு தடவை, பேனட்டைக்கூடத் தூக்காமல் பதில் சொன்னார். நான் பத்தடி தள்ளி நின்று கதவுக்குப் பட்டி தடவிக்கொண்டிருந்தேன். எனக்கும் அது ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

சர்வேயர் அந்தப் பதிலைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மகளும் மாப்பிள்ளையும் சாப்பாட்டு மேஜையில் இருக்கும்போதே, மெக்கானிக்கே சொல்லிவிட்டார் என்றார். அதோடு விட்டாரா, அந்த மாதக் கடைசி ஞாயிறு மைதானத்திலும் சொன்னார். மாப்பிள்ளை மறுத்துப் பேசவில்லையாம். தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனவர், அதன் பிறகு மூன்று வருஷமாக மாமனார் வீட்டுப் படி ஏறவில்லை. மகள் மட்டும் மாதம் ஒருமுறை வருவாள், ஒரு மணி நேரம் இருப்பாள், போவாள். சர்வேயர் கோபத்தில் காரைச் சில மாதம் துணி போட்டு மூடி வைத்தார். இன்ஜினைத் திறந்து பார்க்கலாம் என்று அத்தான் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். தடிமனான எண்ணெய் ஊற்றியிருக்கிறேன், விளக்கு எரிவதில்லை, அது போதும் என்று பதில் வந்தது.

இந்த வருஷம் தடிமனான எண்ணெயும் கைவிட்டுவிட்டது. சிக்னலில் நின்றால் விளக்கு அணையாமல் எரிகிறது என்று சர்வேயர் காரைக் கொண்டுவந்து விட்டுப் போனார். போகும்போது, மாப்பிள்ளை செய்து வைத்த வேலை இன்னும் பேசுகிறது என்று ஒரு சொல்லையும் விட்டுவிட்டுப் போனார்.

அத்தான் வழக்கப்படி ஆரம்பித்தார். விளக்கை நம்பக் கூடாது என்பார். விளக்குக்குப் போகும் சுவிட்சே கெட்டிருக்கலாம். அந்த சுவிட்சைக் கழற்றிவிட்டு, அழுத்தம் காட்டும் தன்னுடைய முள் வைத்த கேஜை அந்தத் துளையில் திருகினார். ஸ்டார்ட் செய்ததும் முள் ஐம்பதைத் தொட்டது. நல்லாத்தானே இருக்கு என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், நீ போய்த் தகரத்தைத் தட்டு என்று எழுதியிருந்தது. அரை மணி நேரம் தெருத்தெருவாக ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினார். இப்போது முள் ஏழில் நடுங்கிக்கொண்டிருந்தது. என் சுத்தியலை நானாகவே கீழே வைத்தேன்.

பிறகு ஒவ்வொன்றாகக் கழித்தார். எண்ணெயின் அளவு சரி. முகர்ந்து பார்த்தார், பெட்ரோல் கலக்கவில்லை. அழுத்தம் மிஞ்சினால் திறந்துவிடும் சின்ன ஸ்பிரிங் வால்வைக் கழற்றிப் பார்த்தார், அதுவும் சுத்தம். எண்ணெய் பில்டரைக் கழற்றி, அதன் தகரத்தை அறுக்க என்னைக் கூப்பிட்டார். உள்ளே இருந்த மடிப்புக் காகிதத்தை வைஸில் வைத்துப் பிழிந்து, வெள்ளைத் துணியில் விரித்தார். காகிதம் முழுக்க மினுமினுப்பு. அதன்மேல் காந்தத்தை ஆட்டினார். ஒரு பொட்டுகூட ஒட்டவில்லை.

“இரும்பில்ல மச்சான். பேரிங் தேயுது” என்றார்.

காந்தத்தில் ஒட்டினால் பல் சக்கரமோ பிஸ்டன் வளையமோ தேய்கிறது. ஒட்டாத பொடி, சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் தகட்டுக்கு உரியது. எண்ணெய் இல்லாமல் ஓடிய இன்ஜினில் முதலில் போவதும் பேரிங்தான். அதனால் அதுவரை மாப்பிள்ளையின் மேல் இருந்த பழி அப்படியேதான் இருந்தது.

மறுநாள் காலை எண்ணெய் நிற்கும் அடித்தொட்டியைக் கழற்றிவிட்டுக் காருக்குக் கீழே படுத்தார். அந்த இன்ஜினில் நீளமான கிராங்க் தண்டு ஒன்று, அதை ஐந்து இடத்தில் தாங்கிப் பிடிக்கும் ஐந்து அரைவட்ட இரும்பு மூடிகள். அவற்றுக்கு கேப் என்று பெயர். ஒவ்வொரு கேப்பும் அதனதன் இடத்தில் வைத்தே கடையப்பட்டது. இடம் மாறினால் வட்டம் வட்டமாக இருக்காது. அதனால் எந்த இன்ஜினையும் முதல் தடவை பிரிக்கும்போதே அத்தான் உளியால் புள்ளி வைப்பார், நான்கு வருஷத்துக்கு முன்னால் இதிலும் வைத்திருந்தார். முதல் கேப்புக்கு ஒரு புள்ளி, இரண்டாவதுக்கு இரண்டு, இப்படி ஐந்து வரை. நான் பக்கத்தில் குந்தி, அவர் கீழிருந்து நீட்டுவதை வாங்கி மேஜைமேல் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தேன். முதலாவது வந்தது. உள்ளே இருந்த பேரிங் தகடு சாம்பல் நிறத்தில் மழமழவென்று இருந்தது. இரண்டாவது வந்தது. ஒரு பக்கம் மட்டும் செம்பு தெரியத் தேய்ந்திருந்தது. மூன்றாவது சுத்தம். நாலாவது மறுபடி செம்பு. ஐந்தாவது சுத்தம்.

அத்தான் வெளியே ஊர்ந்து எழுந்து வந்தார். மேஜைக்குப் போய் இரண்டாவதாக வந்த கேப்பைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் திருப்பினார். அதில் நான்கு புள்ளி இருந்தது. நாலாவதாக வந்ததில் இரண்டு புள்ளி.

எனக்கு உடனே புரியவில்லை. மேஜைமேல் இருந்தவற்றை மறுபடி எண்ணிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. முதலாவதும் ஐந்தாவதும் வடிவத்தில் வேறு வேறு, மாற்றிப் போட முடியாது. மூன்றாவது நடுவில் இருப்பது, எந்த முனையிலிருந்து எண்ணினாலும் மூன்றுதான். இரண்டும் நான்கும் மட்டும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாக இருக்கும். நான்கு வருஷத்துக்கு முன்னால் இன்ஜினைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து மூடும்போது, எண்ணெய் கசியாமல் இருக்கப் பின்பக்கத்து கேப்பை முதலில் இறுக்கியிருக்கிறார். அங்கிருந்தே எண்ணிக்கொண்டு அடுத்ததை ‘இரண்டு’ என்று வைத்துவிட்டார். அன்றைக்குக் கிராங்க்கைக் கையால் சுற்ற முடியாமல் குழாய் போட்டுச் சுற்றினார். அது எனக்கு ஞாபகம் இருந்தது. புது இன்ஜின் இறுக்கமாத்தான் இருக்கும், ஓட ஓட இளகும் என்று சர்வேயரிடம் சொன்னார். அதுவும் ஞாபகம் இருந்தது.

எண்ணெய் இல்லாமல் ஓடியிருந்தால் ஐந்தும் கருகியிருக்க வேண்டும். இங்கே மூன்று புதுசு போல இருந்தன. மாறிப்போன இரண்டு மட்டும், நெருக்கிய பக்கத்தில் மட்டும் தேய்ந்திருந்தன. இதில் மாப்பிள்ளைக்கு ஒரு துளியும் சம்பந்தமில்லை. அத்தான் குழாயடிக்குப் போய்க் கை கழுவ ஆரம்பித்தார். சோப்பு போட்டார், கழுவினார், மறுபடியும் சோப்பு போட்டார். கை எப்போதோ சுத்தமாகியிருந்தது.

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது, பயம் வந்தாலும் அப்படித்தான். ஆனைக்கும் அடி சறுக்கும், விடுங்க என்றேன். தண்டைக் கடையக் கொடுத்து, புதுத் தகடு போட்டு, புள்ளி பார்த்துச் சரியான இடத்தில் மூடிவிடலாம் என்றேன். பேரிங் தேய்ந்திருந்தது, மாற்றிவிட்டேன் என்று சர்வேயரிடம் சொன்னால் அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்றேன். சர்வேயர் ஒருத்தர் வாய் திறந்தால் மைதானம் முழுக்கத் தெரிந்துவிடும், அப்புறம் நம் கேட்டுக்குள் யார் வருவார்கள் என்றும் கேட்டேன். என் தொழில் புத்தி அது. ஓட்டையை அடைத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தால் கண்ணுக்குக் கதவு கதவாகத்தான் தெரியும்.

“அந்தப் பையன் மூணு வருஷமா என் வாயால கெட்டிருக்கான் மச்சான்” என்றார் அத்தான்.  நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த மனிதர் தன் வாயால் அடுத்தவரைக் கெடுத்துவிட்டு, இப்போது அதே வாயால் தான் கெடப் போகிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சலுக்கு அடியில் இருந்தது பயம்தான், இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

புதன்கிழமை சர்வேயர் வந்தார். அத்தான் ஐந்து கேப்புகளையும் வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்திருந்தார். மேடை என்றால் காய்ச்சல் வரும் மனிதர், அன்று தடுமாறாமல் எல்லாவற்றையும் காட்டினார். தேய்ந்த பக்கத்தைக் காட்டினார், புள்ளிகளை எண்ணிக் காட்டினார். எந்த முனையிலிருந்து எண்ணத் தவறினேன் என்பதையும் காட்டினார். சர்வேயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்தார். அவருக்கு என்னைவிடச் சீக்கிரம் புரிந்தது. நிலம் அளக்கும் சங்கிலியைத் தப்பான முனையிலிருந்து எண்ணி ஒரு மனிதரின் கிணற்றை அடுத்தவர் நிலத்தில் குறித்துவிட்ட கதை அவருடைய வேலையிலும் உண்டாம். கத்துவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் யாரை நினைத்துக்கொண்டிருந்தார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பிறகு எழுந்து அத்தானின் தோளைத் தொட்டார்.

“தம்பி, இது நமக்குள்ள இருக்கட்டும். இன்ஜினை மூடிடுங்க. உங்க பேருக்கு ஒண்ணும் வராது. மாப்பிள்ளைகிட்ட நானே நேரம் பாத்துச் சொல்லிக்கறேன்.”

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். அவர் கேட்டைத் தாண்டியதும் இரண்டு டீ சொன்னேன். அத்தான் தன்னுடையதைத் தொடவில்லை. இவர் சொல்ல மாட்டார் மச்சான் என்றார். சர்வேயரின் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. மருமகனிடம், அதுவும் நாலு பேர் முன்னால் குறை சொன்ன மருமகனிடம், நான் சொன்னது தப்பு என்று எழுபத்திரண்டு வயதில் சொல்ல வேண்டும். அளந்து அளந்து பேசியவருக்கு அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு நீளமோ.

கடைந்த கிராங்க் தண்டு வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. தகடுகளும் வந்துவிட்டன. அத்தான் இன்ஜினை மூடவில்லை. சர்வேயர் போன் செய்து மூடியாச்சா என்று கேட்டார். நீங்க சொல்லியாச்சா சார் என்று இவர் கேட்டார். அவர் போனை வைத்துவிட்டார். சனிக்கிழமையும் இதே கேள்வி, இதே எதிர்க்கேள்வி. இதற்கிடையில் அக்கா என்னைக் கூப்பிட்டு, உங்க அத்தான் மூணு நாளா சாப்பாட்டைப் பிசைஞ்சு பிசைஞ்சு வச்சுட்டு எழுந்துடறார், என்னடா விஷயம் என்றாள். சொன்னேன். அவள் என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன். “நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே, அந்த மாப்பிள்ளை வீட்டுக்கு உன் வண்டியில கூட்டிட்டுப் போய்ட்டு வா” என்று முடித்துவிட்டாள்.

மாப்பிள்ளையின் வீடு மூன்றாவது மாடியில். நாங்கள் போனபோது அவர் வாரத்துக்கு வேண்டிய சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மருந்துக் கடையில் வேலை. மடித்து வைத்த வெள்ளைக் கோட் நாற்காலியில் இருந்தது. எங்களைப் பார்த்ததும் முகம் இறுகியது. ஆனாலும் உட்காரச் சொன்னார். இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். ப்ளக்கைப் பிடுங்கினார். எங்கள் எதிரில் வந்து உட்கார்ந்தவர், எழுந்து போய்ப் பிடுங்கிய ப்ளக்கைப் பார்த்துவிட்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போய்ப் பார்த்தார். இந்த ஆள் காரையும் இப்படித்தான் பார்த்திருப்பான் போல, வந்த விஷயத்தைக் கேட்க மாட்டானா என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அத்தான் துணிப் பையிலிருந்து இரண்டு கேப்புகளையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே இருந்து மாப்பிள்ளையின் மனைவியும் வந்து கதவோரம் நின்றாள். அத்தான் புள்ளிகளைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் தலையை நிமிர்த்தினார்.

“நீங்க எண்ணெய் இல்லாம ஓட்டல. மூடும்போது நான் செஞ்ச தப்பு இது. அன்னிக்குத் திறந்து பாக்காம உங்க மேல சொன்னேனே, அது இதைவிடப் பெரிய தப்பு.”

மாப்பிள்ளை அந்த இரும்பைப் பார்த்தபடியே இருந்தார். திட்டுவார், எழுந்து போகச் சொல்வார் என்று நான் தயாராக இருந்தேன். அவர் பேசியபோது குரல் மிகவும் சின்னதாக இருந்தது.

“கிளம்பறதுக்கு முன்னாடி எண்ணெய் பாத்தேன். பாதி வழியில பெட்ரோல் போட்டப்ப பாத்தேன். அம்மாவை ஏத்திட்டுத் திரும்பறப்பவும் பாத்தேன். அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன். நீங்க சொன்னதா மாமா சொன்னப்புறம், நிஜமாவே பாத்தேனான்னு எனக்கே தெரியாமப் போச்சு.”

மிச்சத்தை அவர் மனைவிதான் சொன்னாள். அன்றிலிருந்து இவர் எந்த வண்டியும் ஓட்டுவதில்லையாம், எங்கே போனாலும் பஸ்தான். மருந்துக் கடையில் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு, வாங்கியவர் தெருமுனை தாண்டிய பிறகு ஓடிப்போய்த் திரும்ப வாங்கிப் பார்ப்பாராம். கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தபின் மறுபடி போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருவாராம். முதலாளி இரண்டு தடவை எச்சரித்திருக்கிறார். நான் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தேன். சற்று முன்னால் இந்த மனிதரை மனசுக்குள் என்னவெல்லாம் திட்டினேன் என்பது ஞாபகம் வந்து எனக்கு வெட்கமாக இருந்தது.

மாதக் கடைசி ஞாயிறு மைதானத்தில் எல்லார் முன்னாலும் நானே சொல்லிவிடுகிறேன் என்றார் அத்தான். பிறகு சொல்லவும் செய்தார். அந்த வரிசையில் ஐந்து கார்கள் இன்றுவரை எங்கள் கேட்டுக்குள் வரவில்லை. ஆனால் அப்போது மாப்பிள்ளை மைதானத்தைப் பற்றிக் கேட்கவில்லை. இது மாமாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். நான் மேஜைக்குக் கீழே அத்தானின் காலை மிதித்தேன். அந்த மனிதர்தான் கடிகாரத்தையே மறைக்கத் தெரியாதவராயிற்றே.

“தெரியும். புதன்கிழமையே சொல்லிட்டேன்” என்றார்.

மாப்பிள்ளையின் முகம் மறுபடி இறுகத் தொடங்கியது. அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி கதவோரத்திலிருந்து மேஜைக்கு வந்துவிட்டாள்.

“புதன்கிழமையிலேருந்து தினமும் சாயங்காலம் அப்பா போன் பண்றாரு. அங்க மழையான்னு கேக்கறாரு. இல்லப்பான்னா, சரின்னு வச்சிடறாரு. நேத்து, அவர் பக்கத்துல இருக்காரான்னு கேட்டாரு. கூப்பிடட்டுமான்னேன். வேணாம் வேணாம்னு கட் பண்ணிட்டாரு.” அவள் கண் நிறைந்திருந்தது. “எனக்கு ஒண்ணும் புரியல. உடம்புக்கு ஏதோன்னு பயந்துட்டிருந்தேன்.”

மாப்பிள்ளை எழுந்தார். பிறகு மனைவியின் கையிலிருந்து போனை வாங்கி, அவரே எண்ணை அழுத்தினார். மாமா, நான்தான் பேசறேன் என்றார். அந்தப் பக்கம் என்ன பேசினார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை.  ஆமா, இங்கதான் இருக்கார், சொன்னார் என்றார் இவர். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது.

“பாத்தேன் மாமா” என்றார். “மூணு தடவ பாத்தேன்.”

நாங்கள் சொல்லிக்கொள்ளாமலே எழுந்து வெளியே வந்தோம். ஒரு மாடி இறங்கியதும் அத்தான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தலை சுற்றுகிறதோ என்று நான் பயந்து குனிந்தால், மனிதர் அழுதுகொண்டிருந்தார். விஷயம் நல்லபடியா முடிஞ்சுதே, இன்னும் என்ன என்று அதட்டினேன். அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இது ஒண்ணு திறந்ததால தெரிஞ்சுது மச்சான். திறந்து பாக்காம நான் இன்னும் யார் யாரைப் பத்தி என்னென்ன சொல்லி வச்சிருக்கேனோ.”

  நானும் அவர் பக்கத்தில் அந்தப் படியிலேயே உட்கார்ந்தேன்.